செத்த காற்சட்டைகளும் எங்கள் அகதி விடுதிகளும்



எண்பதுகளின் நடுப்பகுதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் யேர்மனிக்கு வந்து சேர்ந்த எம்மவர்களுக்கு ஒரு பயம் பொதுவாக இருந்தது. புகையிரத நிலைய வாசலில் பொடியன்கள் கூட்டமாக நின்றால் தெருவின் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவோம். மொட்டைத் தலையும் கனத்த சப்பாத்துமாக நின்றாலும் பயம். பச்சைத் தலைமுடியும் கிழிந்த சட்டையும் காதிலே சட்டை ஊசியுமாக நின்றாலும் அதே பயம். முதலாவது ஆள் எங்களை அடிக்கக் கூடியவன், இரண்டாவது ஆள் அனேகமாக அவனிடம் தானும் அடி வாங்குகிறவன் என்ற வித்தியாசம் எங்களுக்குப் பிடிபட வருடக்கணக்கு எடுத்தது. பிள்ளைகள் வளர்ந்து, தங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பச்சைத் தலைமுடிக்காரர்களின் பாட்டைச் சத்தமாகப் போட்டபோதும் நாங்கள் கதவைத் தட்டி ஏசினோமே தவிர, அதிலே என்ன பாடுகிறார்கள் என்று கேட்கவில்லை.

இந்த மாத வரலாற்றுப் பேச்சு அந்தக் கதவுக்குப் பின்னால் கேட்ட ஒரு குழுவைப் பற்றியது. அவர்கள் தங்களுடைய முப்பதாவது வருடத்தில் வெளியிட்ட ஓர் இசைத்தட்டையும், அதை இந்த நாடு எப்படிக் கேட்டது என்பதையும் சொல்ல வேண்டும் என்று கனநாளாக எண்ணம்.

குழுவின் பெயர் டீ ரோட்டன் ஹோசன். நேரடியாகச் சொன்னால் 'செத்த காற்சட்டைகள்'. யேர்மன் பேச்சு வழக்கில் ஓரிடம் சந்தடி இல்லாமல் வெறிச்சோடிக் கிடந்தால் அப்படிச் சொல்லுவார்கள். 1982இல் டுசல்டோர்வ் நகரத்தில், ராற்றிங்கர் ஹோவ் என்ற மதுச்சாலையைச் சுற்றித் திரிந்த இளைஞர்கள் சேர்ந்து தொடங்கியது. அந்த ஈஸ்டர் காலத்தில் பிறேமன் நகரில் முதல் கச்சேரி. விளம்பரத்தில் பெயரைப் பிழையாக அடித்து 'செத்த முயல்கள்' என்று போட்டுவிட்டார்களாம். பாடகர் கம்பீனோவின் சொந்தப் பெயர் அந்திரெயாஸ் பிறேக. தகப்பன் நீதிபதி, தாய் இங்கிலாந்துக்காரி. ஆரம்பத்தில் பியரும் கூத்தும் கேலியும்தான் அவர்களுடைய பாட்டுக்கள். கிற்றாரில் மூன்று பிடி தெரிந்தால் போதும், மிச்சத்தைத் தொண்டை பார்த்துக்கொள்ளும். பங்க் றொக் என்பதே அப்படியான இசைதான். உண்மையைச் சொன்னால் என் காதுக்கு இன்றைக்கும் அது இனிமையாக இல்லை.

ஒரு சின்னச் செய்தி. 1983இல் இவர்கள் சுற்றுலாப் பயணிகள் போல எல்லையைத் தாண்டிக் கிழக்கு பேர்லினுக்குப் போய், அங்கே ஒரு தேவாலயத்தில், வழிபாடு என்ற போர்வையில், இரகசியமாகக் கச்சேரி செய்தார்கள். அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் எம்மவர்கள் ஆயிரக்கணக்கில் அதே எல்லையை மறுபக்கமாகத் தாண்டினார்கள். ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிறீட்றிக் தெரு நிலையத்தால் மேற்கு பேர்லினுக்குள் வந்து தஞ்சம் கேட்ட அந்த வழி 1986 ஒக்ரோபரில் அடைபட்டது. அதால் வந்தவர்கள் இதை வாசித்துக்கொண்டிருப்பீர்கள்.

பிறகு மதில் விழுந்தது. இரண்டு யேர்மனியும் ஒன்றாகின. அதற்குப் பின்னால் வந்த வருடங்களை மறக்க மாட்டோம். 1991 செப்ரெம்பரில் ஹொயர்ஸ்வேர்டா. 1992 ஓகஸ்ட்டில் றொஸ்ரொக் நகரத்தின் லிக்ரன்ஹாகனில், வியட்நாமியத் தொழிலாளர்கள் நூறு பேருக்கு மேல் உள்ளே இருக்கத்தக்கதாக வீட்டுக்கு நெருப்பு வைத்தார்கள், வெளியிலே சனம் நின்று கைதட்டியது. நவம்பரில் மோல்ன் நகரில் துருக்கிக் குடும்பங்களைச் சேர்ந்த மூன்று பேர் எரிந்து செத்தார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் இந்த நாட்டில் தஞ்சம் கேட்டவர்கள் 438,191 பேர். 'படகு நிரம்பிவிட்டது' என்ற பேச்சு பத்திரிகைகளில் தினமும் வந்தது. 1993 மே 26இல் பாராளுமன்றம் தஞ்ச உரிமையை இறுக்கி அரசியல் சாசனத்தைத் திருத்தியது. மூன்றே நாளில் சோலிங்கனில் ஒரு துருக்கிக் குடும்பத்தின் வீட்டைக் கொளுத்தினார்கள். பெண்களும் பிள்ளைகளுமாக ஐந்து பேர். சோலிங்கன் டுசல்டோர்விலிருந்து கிட்டத்தான். எங்கள் விடுதியில் அந்தக் கிழமை முழுக்க இரவில் முறை வைத்து முழித்திருந்தோம். வாசலில் இரண்டு வாளி தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்கும். அதால் என்ன பிரயோசனம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாங்கள் வாளியோடு இருந்த அதே காலத்தில்தான் டுசல்டோர்வின் குடிகாரப் பாட்டுக்காரர்கள் வேறு விதமாகப் பாடத் தொடங்கியிருந்தார்கள். 1992 முடியும்போது 'சாஷா' என்ற பாட்டு வந்தது. யேர்மன்காரன் என்பதைத் தவிரத் தன்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லாத ஒரு நாசி இளைஞனை, கொண்டாட்ட மெட்டிலேயே வைத்துக் கேலி செய்கிற பாட்டு. அதில் வந்த பணத்தை இனவாதத்துக்கு எதிரான டுசல்டோர்வ் முறையீட்டு அமைப்புக்குக் கொடுத்தார்கள். 1993இல் 'என்னை வாங்கு!' என்ற இசைத்தட்டு வந்தது. அதிலே 'யேர்மனிக்கு நல்வரவு' என்றொரு பாட்டு உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. எரிகிற வீடுகளைப் பார்த்த ஒருவன், இந்த நாட்டை அந்தக் கூட்டத்துக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று ஆத்திரத்தோடு பாடுவது. எங்கள் விடுதியில் அந்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது இளையராஜா கசற். பக்கத்து ஊரிலேயே ஒருவன் தொண்டை கிழிய எங்களுக்காகக் கத்திக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது.

இனி அந்த முப்பதாவது வருட இசைத்தட்டு. 2012 மே மாதம் வெளிவந்தது. பெயர் 'பலாஸ்ற் டெர் றிபப்ளிக்', அதாவது குடியரசின் சுமை. கிழக்கு பேர்லினில் 'குடியரசின் மாளிகை' என்று ஒரு பெரிய கட்டடம் இருந்து, 2006க்கும் 2008க்கும் இடையில் இடிக்கப்பட்டது. மாளிகைக்கு யேர்மன் சொல் பலாஸ்ற், சுமைக்கும் கிட்டத்தட்ட அதே ஓசைதான். அந்த ஓசையை வைத்துச் சிலேடை செய்திருந்தார்கள். இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலாம் இடத்துக்குப் போனது. அதற்கு முன்பே, மார்ச் மாதம், அதிலிருந்து தனியாக வந்த 'இப்படியான நாட்கள்' என்ற பாட்டும் முதலாம் இடம். நண்பர்கள் கூடி ஒரு இரவைக் கொண்டாடுவதைப் பற்றிய பாட்டு. இந்த நாள் முடியாமல் நீளட்டும் என்ற ஆசைதான் அதன் சாரம். டுசல்டோர்வ் உதைபந்தாட்டக் குழு அந்த மே மாதம் முதலாம் பிரிவுக்கு ஏறியபோது அதுதான் கொண்டாட்டப் பாட்டு. பிறகு கலியாணம், பாடசாலை முடிவு விழா, பியர்க் கூடாரம் என்று அது கேட்காத இடமில்லை. எங்கள் சாமத்தியச் சடங்கு மண்டபம் ஒன்றில் கூட டிஜே பையன் அதைப் போட்டதைக் கேட்டிருக்கிறேன்.

பழைய இரசிகர்கள் கொதித்துப் போனார்கள். பங்க் என்றால் ஊரோடு ஒத்துப்போகாதது, இதுவோ மாமாமாரும் மாமிமாரும் கைகோத்து ஆடுகிற பாட்டு, காசுக்கு விலை போய்விட்டார்கள் என்றார்கள். புதிதாக வந்த சனத்துக்கோ அவர்கள் முன்னே என்ன பாடினார்கள் என்பது பற்றிய கவலையே இல்லை. என்னைக் கேட்டால் பழைய இரசிகர்கள் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாட்டில் ஆரும் மறுக்கக்கூடிய ஒரு சொல்லும் இல்லை. ஆகவே ஆரும் எடுத்துப் பாடலாம். பாடினார்கள்.

2013 தேர்தல் காலத்தில் பெரிய கட்சிகள் இரண்டும் தங்கள் கூட்டங்களில் அதைப் போட்டன. குழு பகிரங்கமாகவே எதிர்ப்புத் தெரிவித்தது. ஆனாலும் செப்ரெம்பர் 22, வெற்றி இரவில், அங்கெலா மேர்க்கலின் கட்சித் தலைவர்கள் மேடையில் நின்று கைதட்டி அதைத்தான் பாடினார்கள். தொலைக்காட்சியில் முழு நாடும் பார்த்தது. சில நாட்களின் பின் மேர்க்கல் தன்னைத் தொலைபேசியில் அழைத்து அதற்காக மன்னிப்புக் கேட்டார் என்று கம்பீனோவே பிறகு சொன்னார்.

நான் இந்தப் பேச்சை எழுதவே காரணம் வேறு. அதே இசைத்தட்டில் 'ஐரோப்பா' என்று இன்னொரு பாட்டு இருக்கிறது. ஐரோப்பாவுக்கு வருகிற வழியில் மத்தியதரைக் கடலில் மூழ்கிப் போகிற அகதிகளைப் பற்றியது. இலட்சக்கணக்கான சனம் வாங்கியும் கேட்டும் பாடியும் கொண்டாடிய தட்டுத்தான். கொண்டாட்டப் பாட்டை எல்லாருக்கும் தெரியும், இதைத் தெரிந்தவர்களை எண்ணிவிடலாம். தேர்தல் இரவில் அந்தத் தலைவர்கள் பாடி முடிந்து பதினொரு நாளில், 2013 ஒக்ரோபர் 3, இத்தாலியின் லம்பெடூசாத் தீவுக்குக் கிட்ட ஒரு படகு கவிழ்ந்து 360 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் எரித்திரியர்கள்.

அந்தக் கடலில் எங்கள் ஆட்களும் கிடக்கிறார்கள். 1996 நத்தார் இரவு, மால்ராவுக்கும் சிசிலிக்கும் இடையில், பெரிய கப்பலிலிருந்து சின்னப் படகுக்கு மாற்றப்பட்ட இந்திய, பாகிஸ்தானிய, இலங்கைத் தமிழ் அகதிகள் குறைந்தது 283 பேர் மூழ்கினார்கள். தப்பியவர்கள் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. போர்ற்றோபாலோ என்ற ஊரின் மீனவர்களுடைய வலைகளில் உடல்கள் வந்தன. வில்லங்கத்துக்குப் பயந்து திரும்பக் கடலிலேயே போட்டார்கள். ஒரு நாள் ஒரு வலையில் பிளாஸ்ரிக் உறை போட்ட அடையாள அட்டை ஒன்று வந்தது. பதினேழு வயதுத் தமிழ்ப் பொடியனுடையது. அந்த அட்டையை வைத்துத்தான், 2001இல், லா றிபப்ளிக்கா பத்திரிகைக்காரர் ஒருவர் நீருக்கடிக் கமெராவை இறக்கி, நூறு மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடந்த படகைப் படம் பிடித்தார். நாலரை வருடமாக இல்லை என்று சொல்லப்பட்ட படகு.

'யேர்மனிக்கு நல்வரவு' பாட்டுக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. 1938இல் நாசிகள் டுசல்டோர்வில் 'கெட்டுப்போன இசை' என்று ஒரு கண்காட்சி வைத்து யூத இசையமைப்பாளர்களையும் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையையும் இழிவுபடுத்தினார்கள். அதன் 75ஆவது வருடமான 2013இல், அதே நகரத்தின் ரோன்ஹால மண்டபத்தில், இசைக் கல்லூரி மாணவர்களின் வாத்தியக் குழுவோடு சேர்ந்து தடைசெய்யப்பட்டவர்களின் இசையை வாசித்தார்கள். நிகழ்ச்சிக்கு அந்த 1993ஆம் வருடப் பாட்டின் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். விலை போனவர்கள் செய்கிற வேலையாக எனக்குத் தெரியவில்லை.

கேட்பவர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவர்களைப் போலவே 1982இல் பேர்லினில் தொடங்கிய டீ எயர்ற்ச என்ற பங்க் குழு, 1993இல் நாசிகளுக்கு எதிராக 'அன்புக்கான கூக்குரல்' என்ற பாட்டை வெளியிட்டது. 2015இல் அகதி விடுதிகள் திரும்பவும் எரியத் தொடங்கியபோது, ஒரு இசை ஆசிரியர் விடுத்த அழைப்பைக் கேட்டு, சனம் அந்தப் பழைய பாட்டைக் காசு கொடுத்து வாங்கி, இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு பட்டியலின் முதலாம் இடத்துக்கு ஏற்றியது. வருமானத்தைக் குழு புறோ அசூல் என்ற அகதிகள் உரிமை அமைப்புக்குக் கொடுத்தது. 2018 செப்ரெம்பர் 3இல் கெம்னிற்ஸ் நகரில், வெளிநாட்டவர்களைத் துரத்தியடித்த தெருக்களிலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில், 65,000 பேர் திரண்ட இலவசக் கச்சேரி நடந்தது. கடைசியாக மேடையேறிய ரோட்டன் ஹோசன் அன்று பாடியவற்றில் அந்தப் பேர்லின்காரர்களின் பாட்டும் ஒன்று. சாம்பல் தலைமுடிக்காரர்களாக நின்று பாடினார்கள்.

எமது வானொலியில் இந்தப் பேச்சு ஒலிபரப்பான அன்று, முடிவில் 'ஐரோப்பா' பாட்டையும் போட்டோம். இரண்டு நேயர்கள் தொலைபேசியில் வந்தார்கள். முதலாமவர் ஒரு ஐயா. "உந்தச் சத்தத்தை நிப்பாட்டுங்கோ தம்பி, பக்திப் பாட்டு நேரம் வந்திட்டுது" என்றார். நியாயமான முறைப்பாடுதான், ஆறு நிமிடம் பிந்திவிட்டோம். இரண்டாவது, ஹம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா. "அவன் ஆரைப் பற்றித் தம்பி உப்பிடிக் கத்துறான்?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. தன்னுடைய அக்காவின் மகன் 96ஆம் ஆண்டு கடைசியில் இத்தாலிக்கென்று வெளிக்கிட்டவன், இன்றுவரைக்கும் ஒரு கடிதமும் இல்லை என்றார். பிறகு, அந்தப் பாட்டை இன்னொருக்காப் போடுவீங்களோ என்று கேட்டார்.

பக்திப் பாட்டு நேரம் முடிந்த பிறகு திரும்பப் போட்டோம்.