பல்லும் கல்லும்

1959இல், இன்றைய தன்சானியாவின் ஒல்டுவாய்ப் பள்ளத்தாக்கிலே மேரி லீக்கி அம்மையார் ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தார். ஏறத்தாழ 17½ இலட்சம் ஆண்டுப் பழைமையுடையது அது. அதன் பெரிய கடைவாய்ப்பற்களைக் கண்டோர் 'கொட்டையுடைக்கும் மனிதன்' எனப் பெயரிட்டனர். ஆயின், பற்களிலுள்ள காபனை ஆராய்ந்து 2011இல் வெளியிடப்பட்ட முடிவு, அவ்வினத்தின் பிரதான உணவு புல்லும் கோரையுமே எனக் காட்டிற்று. விரிந்துவந்த புல்வெளி அதன் தாடையைப் பெருப்பித்தது.

அதே நிலத்தில் வாழ்ந்த நமது கிளையினரோ கல்லைக் கூராக்கி இறைச்சியை அறுத்தனர். எலும்பை உடைத்து மச்சையை உண்டனர். காலப்போக்கில் அவர்தம் பற்கள் சிறுத்தன, மூளை பெருத்தது. பெரும்பல் இனம் சுமார் 12 இலட்சம் ஆண்டுகளின் முன் மறைந்தது.

சூழல் மனிதனை ஆக்கிற்று என்பது பாதி உண்மையே. உழைக்கும் கை அச்சூழலுக்கு விடையிறுத்தது என்பது மறுபாதி. பசியை இயற்கையின் விதியென்போர் இதனைச் சிந்திப்பார்களாக!