தறி யாருடையது என்ற கேள்வி போதாது: சத்திரப்பட்டிக் கூலித் தறிகளும் தொழிலாளர் வரையறையும்

ராஜபாளையம் அருகே சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், சங்கரபாண்டியபுரம் ஆகிய ஊர்களின் விசைத்தறிகளில் பெரும்பாலும் ஓடுவது பேண்டேஜ் துணி. கூலிக்கு நெய்யும் தறிக்காரருக்குப் பாவும் ஊடைநூலும் பேண்டேஜ் உற்பத்தியாளரிடமிருந்து வருகின்றன. நெய்த துணி வெளுக்காமலே அவரிடம் திரும்பி, வெளுத்து, அறுத்து, சுருட்டி, அவர் பெயர் அச்சிட்ட உறைக்குள் மருத்துவமனைக்குப் போகிறது. தறிக்காரருக்கு நெய்த அளவுக்குக் கூலி. கொட்டகை, தறி, மோட்டார், உதிரிபாகம் எல்லாம் அவர் செலவு. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் போன்ற நூற்பாலைகளில் நிரந்தரத் தொழிலாளிக்கு ஷிப்ட் உண்டு, வருகைப் பதிவேடு உண்டு, வருங்கால வைப்பு நிதி உண்டு. நூல் ஆலையைத் தாண்டித் தறிக்கு வந்ததும் அந்தப் பாதுகாப்பு அறுந்துவிடுகிறது. நாலு தறி வைத்துத் தானும் நின்று நெய்பவர் சட்டத்தின் கண்ணில் சிறுதொழில் முனைவோர். தறியின் உடைமையை வைத்து இப்படிப் பிரிப்பது பொருளாதார நடப்புக்கும், நம் நீதிமன்றங்கள் சென்றடைந்த இடத்துக்கும் பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தீர்ப்புகளின் வரலாறு பெரும்பாலும் ஒரு திசையில் நகர்ந்திருக்கிறது. 1956இல் தாரங்கதாரா கெமிக்கல் வொர்க்ஸ் வழக்கில் குஜராத் உப்பளத்து அகரியாக்களுக்கு வேலை நேரம் கிடையாது, பதிவேடு கிடையாது. துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளவும் தடையில்லை. இருந்தும் தாமே உழைப்பவர்கள் என்பதால் அவர்கள் தொழிலாளர்களே என்றது உச்ச நீதிமன்றம். சேலம் பீடித் தொழிலாளர் சங்கம் தொடர்பான திவான் மொகிதீன் சாகிப் வழக்கில் (1964) இலையும் புகையிலையும் முதலாளியிடமிருந்து வந்தன. இடையில் நின்ற ‘ஒப்பந்ததாரர்கள்’ வெறும் முகவர்கள் என்று நீதிமன்றம் கண்டது. 1973இல் சில்வர் ஜூபிலி தையலகத் தீர்ப்பு, மேற்பார்வை ஒன்றே அளவுகோல் அல்ல என்றது. தைத்ததை நிராகரித்துத் திரும்பத் தைக்கச் சொல்லும் உரிமையே போதிய அதிகாரம், வேறு கடைக்கும் தைப்பதால் உறவு அறுந்துவிடாது என்றது. அங்கே தையல் இயந்திரம் கடைக்காரருடையது. இங்கே தறி தறிக்காரருடையது. இந்த வேறுபாட்டை மறைப்பதில் பயனில்லை. ஆனால் தாமே போட்ட முதலைக் கொண்டு தறிக்காரரால் என்ன செய்ய முடிகிறது? நூல் விலை இறங்கினால் ஆதாயம் அவருக்கில்லை. துணி விலை ஏறினாலும் இல்லை. பாவு வராத வாரம் தறி சும்மா நிற்கும், கடன் தவணை நிற்காது. லாபத்துக்கு வழியில்லாமல் நட்டத்துக்கு மட்டும் வாசல் திறந்திருக்கும் உடைமையை முதலீடு என்பதைவிட, உற்பத்தியாளரின் செலவில் ஒரு பங்கைத் தொழிலாளி தலையில் ஏற்றியது என்பதே சரி.

பேண்டேஜ் துணிக்கே உரிய இன்னொரு சான்று உண்டு; இவ்விவாதத்தில் அதை யாரும் போதிய அளவு பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. அறுவைக் கட்டுத்துணிகளின் தரத்தை மருந்துகள் விதிகளின் எஃப்-2 அட்டவணை வகுக்கிறது: ஒரு டெசிமீட்டருக்குப் பாவில் எத்தனை இழை, ஊடையில் எத்தனை இழை, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது வரை. எப்படி நெய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை, விதி சொல்கிறது என்று உற்பத்தியாளர் வாதிடலாம். ஆனால் அந்த விதிக்குப் பதில் சொல்ல வேண்டிய உரிமத்தை வைத்திருப்பவர் அவரே. இழை குறைந்த துணியைத் தள்ளவோ கூலியில் பிடிக்கவோ அவருக்குள்ள அதிகாரம் அந்த உரிமத்திலிருந்தே பிறக்கிறது. அப்படியானால் நெசவு அவர் தொழிலின் நடுக்கண்ணி. வெளியிலிருந்து வாங்கிய சேவை அல்ல.

எதிர்வாதங்களில் வலுவானது, தறிக்காரரும் ஆள் வைத்து வேலை வாங்குகிறார் என்பது. ஒருவரே எப்படி முதலாளியாகவும் தொழிலாளியாகவும் இருப்பார்? அகரியா தீர்ப்பு இதற்குப் பாதிப் பதில் தருகிறது: தாமும் உழைக்கிறாரா என்று பார். மீதிப் பதிலை நாம்தான் சொல்ல வேண்டும். இருபது தறியை ஆள் வைத்து ஓட்டி, தாம் கைவைக்காதவரைத் தொழிலாளி என்பது கேலிக்கூத்து; அவர் ஒப்பந்ததாரர்தான். அவரிடம் நெய்பவருக்கு முதன்மைப் பொறுப்பு யாருடையது என்பதற்குச் சேலம் வழக்கு வழிகாட்டுகிறது. அடுத்த எதிர்வாதம் 2004இன் நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கத் தீர்ப்பு. வேலையளிப்பவர்-தொழிலாளர் உறவு உண்டென்று நிரூபிக்கும் சுமை தொழிலாளர் மீதே என்றது அது. ஆனால் அங்கே சங்கம் காய்கறி விற்பனைக்கு இடம் தந்த அமைப்பு; சரக்கு விவசாயிகளுடையது. சரக்கு முழுக்க ஒருவருடையதாக இருக்கும் இடத்தில் சுமை அவர் பக்கம் மாறுவதே நியாயம். கலிபோர்னியாவின் டைனமெக்ஸ் தீர்ப்பு (2018) அப்படித்தான் மாற்றியது.

செலவு கூடினால் தொழில் வேறு ஊருக்குப் போய்விடும் என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால் இப்போதே செலவை யாரோ சுமக்கிறார்கள். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் வரை மின்சாரம் இலவசம் (2023க்கு முன் 750). கூலி உயராத காலத்தில் இந்தச் சலுகை உண்மையில் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று கேட்பது தகும். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கைத்தறியில் வேறு முன்மாதிரி உண்டு: கூட்டுறவுச் சங்க நெசவாளரின் தறி அவர் வீட்டில்தான் இருக்கிறது, ஆனாலும் கூலியில் அவர் ஒரு பங்கு போட, அரசு ஒரு பங்கு போட, சேமிப்புப் பாதுகாப்புத் திட்டம் நடக்கிறது. தறி சொந்தமாக இருப்பது அதற்குத் தடையாகவில்லை.

2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு (2020) வீடுசார் தொழிலாளரை வரையறுக்கும்போது, கருவியையும் மூலப்பொருளையும் வேலையளிப்பவர் தந்தாலும் தராவிட்டாலும் என்றே சொல்கிறது. அதாவது உடைமை அளவுகோலைச் சட்டமே கைவிட்டுவிட்டது. ஆனால் அவரை அமைப்புசாராத் தொழிலாளர் திட்டங்களோடு நிறுத்திவிடுகிறது. அடுத்த அடியை எடுத்து வைக்க வேண்டும்: நூலும் உரிமமும் விலையும் ஒருவரிடம் இருக்க, அவருக்காகத் தாமே நின்று நெய்பவர், மாறாக நிரூபிக்கப்படும் வரை, அவருடைய தொழிலாளி.