கணினி உணரிகளின் பிழை அளவீடுகள்

கணினியின் ப்ராசசர், மதர்போர்டு, மின்வழங்கி (எஸ்எம்பிஎஸ்) ஆகியவற்றின் வெப்பநிலையையும் மின்னழுத்தத்தையும் கண்காணிக்கும் உணரிகள் சில வேளைகளில் உண்மைக்கு மாறான எண்களைக் காட்டும். அவற்றின் காரணத்தை அறிந்து திருத்தும் முறை இங்கே விளக்கப்படுகிறது. இப்பிழைகளில் பெரும்பாலானவை உணரி பழுதானதால் வருவதில்லை. உணரி தரும் எண்ணுக்கு மென்பொருள் தவறாகப் பொருள் கொள்வதாலேயே வருகின்றன.

வரலாறு

தனிக் கணினிகளில் வன்பொருள் கண்காணிப்பு பரவியது 1990-களின் பிற்பகுதியில். அமெரிக்காவின் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் எல்எம்78 சிப் இதற்கு முன்னோடி. அது ஏழு மின்னழுத்தங்களையும் மூன்று ஃபேன்களின் வேகத்தையும் ஒரு வெப்பநிலையையும் அளந்தது. தைவானின் வின்பாண்ட், ஐடிஇ நிறுவனங்கள் இதே வழியில் சிப்களைத் தயாரித்தன. வின்பாண்டின் இப்பிரிவு 2008-இல் நுவோட்டன் என்ற தனி நிறுவனமானது. உணரிகளைப் படிக்கப் பயன்படும் எஸ்எம்பஸ் என்னும் தடம் 1995-இல் வரையறுக்கப்பட்டது. பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் உருவாக்கிய ஐ2சி தடமே அதன் அடிப்படை.

லினக்ஸில் இப்பணிக்கான எல்எம்-சென்சார்ஸ் திட்டம் 1998-இல் உருப்பெற்றது. ஃப்ரோடோ லூயார்ட், பிலிப் எடல்பிராக் ஆகியோர் அதன் தொடக்ககால ஆசிரியர்கள். பின்னர் ழான் டெல்வார் நெடுங்காலம் அதைப் பராமரித்தார். உற்பத்தியாளர்கள் மதர்போர்டின் மின்சுற்று விவரங்களைத் தர மறுத்த நிலையில், பயனர்களிடம் அளவீடுகளைத் திரட்டி ஒவ்வொரு போர்டுக்கும் உரிய கணக்கைக் கண்டறிந்த இவர்களின் உழைப்பு பெரிது. உணரிகளைத் தேடிப் பார்ப்பதில் ஆபத்தும் இருந்தது. சில பழைய ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகளில் அத்தேடலே நினைவகச் சிப்பின் உள்ளடக்கத்தைச் சிதைத்து, கணினியை இயங்காமல் செய்தது.

வகைகள்

வெப்ப உணரிகள் மூவகைப்படும்.

1. தெர்மிஸ்டர்: சூடு ஏற ஏற மின்தடை குறையும் சிறு உறுப்பு. மதர்போர்டின் மீது பொருத்தப்படுவது. ஏஎம்டியின் அத்லான் ப்ராசசர் கொண்ட பழைய கணினிகளில் ப்ராசசருக்குக் கீழே, சாக்கெட்டின் நடுவில் இருந்தது. சிப்பின் உள்வெப்பம் அதை எட்டத் தாமதமாகும். எட்டினாலும் குறைவாகவே காட்டும்.

2. டையோடு: ப்ராசசரின் சிலிக்கானிலேயே அமைந்தது. இரு வேறு மின்னோட்டங்களைச் செலுத்தி, அவற்றின் மின்னழுத்த வேறுபாட்டிலிருந்து வெப்பநிலை கணிக்கப்படும். அத்லான் வரிசையில் 2001-இல் வந்த பாலோமினோ என்னும் ப்ராசசர் இதைக் கொண்டிருந்தது.

3. எண்முறை உணரி: இன்டெல் கோர் வரிசை ப்ராசசர்களில் உள்ளது. இது வெப்பநிலையை நேரடியாகச் சொல்வதில்லை. டிஜேமேக்ஸ் என்னும் உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை பாகை மீதமுள்ளது என்றே சொல்லும்.

கண்காணிப்புச் சிப்பில் தெர்மிஸ்டர் இணைந்த முனையை டையோடு என்று டிரைவர் எடுத்துக்கொண்டால் எண் முழுவதும் பிழையாகும். எதுவும் இணைக்கப்படாத முனை 127 பாகை, கழித்தல் 128 பாகை போன்ற எண்களைக் காட்டும். அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

வெப்பநிலைப் பிழைகள்

கோர் 2 வரிசையின் மேசைக் கணினிச் சிப்களுக்கு டிஜேமேக்ஸ் மதிப்பு தொடக்கத்தில் வெளியிடப்படவில்லை. மென்பொருள் எழுதியோர் 85 என்றும் 100 என்றும் ஊகித்தனர். இதனால் ஒரே ப்ராசசருக்கு இரு மென்பொருள்கள் 15 பாகை வேறுபாட்டில் எண் காட்டின. இன்டெல் 2008-இல் மதிப்புகளை அறிவித்தது. அதே ஆண்டில் வந்த நெஹலேம் வரிசை முதல் அம்மதிப்பைச் சிப்பிலிருந்தே படிக்க முடிகிறது. உச்ச வரம்புக்கு அருகில் இவ்வுணரி துல்லியமானது. குளிர்ந்த நிலையில் அதன் எண்ணை நம்ப வேண்டியதில்லை.

ஏஎம்டி 2017-இல் வெளியிட்ட ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் சிப்கள் ஃபேன் கட்டுப்பாட்டுக்காக உண்மை வெப்பநிலையுடன் 20 பாகையைக் கூட்டிச் சொல்லின. 38 பாகையில் இருக்கும் ப்ராசசர் 58 என்று காட்டியது. இதை அறியாத மென்பொருள்களால் பயனர்கள் வீணாக அஞ்சினர்.

எளிய சோதனை ஒன்று உண்டு. சாதாரண ஹீட்சிங்க், ஃபேன் கொண்ட ப்ராசசர் அறையைவிடக் குளிர்ந்திருக்க முடியாது. அறை 32 பாகையில் இருக்க, ப்ராசசர் 24 என்று காட்டினால் அந்த எண் பிழை.

மின்னழுத்தப் பிழைகள்

எல்எம்78 சிப்பால் சுமார் 4 வோல்ட் வரையே அளக்க முடியும், அதுவும் 0.016 வோல்ட் படிகளில். எனவே 12 வோல்ட்டை இரு மின்தடைகளால் பிரித்துச் சிறிதாக்கி அனுப்புவர். மென்பொருள் அதை மீண்டும் பெருக்க வேண்டும். பல போர்டுகளில் பெருக்கும் எண் 3.8. அப்போது ஒரு படி 0.06 வோல்ட் ஆகிறது. 11.98, 12.04 என எண் தாவுவது இதனால்தான். மின்வழங்கி தள்ளாடுவதால் அன்று. போர்டின் உண்மை விகிதம் 4.2 ஆக இருந்து மென்பொருள் 3.8-ஆல் பெருக்கினால், சரியான 12 வோல்ட் சுமார் 10.9 எனத் தெரியும். லினக்ஸில் 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 1 வோல்ட் போன்ற சிறிய எண் தெரிந்தால், பெருக்கல் இன்னும் நடக்கவில்லை என்று பொருள். அமைப்புக் கோப்பில் அப்போர்டுக்கான கணக்கை எழுதினால் சரியாகும்.

ஏடிஎக்ஸ் தரநிலை பொதுவாக 5 விழுக்காடு வேறுபாட்டை அனுமதிக்கிறது. 12 வோல்ட்டுக்கு 11.40 முதல் 12.60 வரை, 5 வோல்ட்டுக்கு 4.75 முதல் 5.25 வரை சரியானவை.

சரிபார்க்கும் முறை

முதலில் ஒரு கண்காணிப்பு மென்பொருளைத் தவிர மற்றவற்றை மூட வேண்டும். இரண்டு ஒரே நேரத்தில் ஒரே சிப்பைப் படித்தால் எண்கள் கலந்துவிடும். அடுத்து பயாஸ் காட்டும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். தன் போர்டின் மின்தடை விகிதத்தை உற்பத்தியாளர் அறிவார் என்பதால் மின்னழுத்தத்துக்கு பயாஸ் எண்ணையே ஏற்கலாம். வெப்பநிலைக்கு இது பொருந்தாது. பயாஸ் திரையில் ப்ராசசர் ஓய்வு நிலைக்குச் செல்லாததால் சூடு கூடுதலாகவே தெரியும்.

இறுதிச் சோதனை மல்டிமீட்டர். கணினி இயங்கும்போது, நான்கு முனை இணைப்பானின் கறுப்புக் கம்பியில் மீட்டரின் கறுப்பு முனையையும், மஞ்சள் கம்பியில் சிவப்பு முனையையும் வைத்தால் 12 வோல்ட் தெரிய வேண்டும். சிவப்புக் கம்பியில் 5 வோல்ட். முனைகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. மின்வழங்கிப் பெட்டியைத் திறக்கவே கூடாது.

இன்று

ஹெச்டபிள்யூஇன்ஃபோ, லிப்ரே ஹார்ட்வேர் மானிட்டர் போன்றவை விண்டோஸில் பயன்பாட்டில் உள்ளன. மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கும்வரை, திரையில் கண்ட மின்னழுத்த எண்ணை மட்டும் நம்பி எஸ்எம்பிஎஸ்-ஐ மாற்ற வேண்டாம்.