தோற்றுப்போன ஒரு பாட்டின் வரலாறு

பாட்டுக்கும் அரசியலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று சாதிப்போர் எல்லா நாட்டிலும் உளர். ஐரோப்பாவிலோ அக்கூற்று ஒரு போட்டியின் விதியாகவே எழுதப்பட்டுள்ளது. யூரோவிஷன் பாட்டுப் போட்டி எனப்படும் அவ்விழா அரசியல் சாராதது என்று அதனை நடத்தும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் ஆண்டுதோறும் அறிவிக்கிறது. நாடுகள் தத்தம் மெல்லிசைப் பாட்டொன்றை அனுப்பி, ஒன்றுக்கொன்று புள்ளி வழங்கி, தோழமையுடன் பிரிந்து செல்லும் விழா அது. இத்தகைய விழாவில் ஏறத்தாழக் கடைசி இடத்தைப் பெற்று, எவராலும் மறக்கப்பட்டிருக்கக்கூடிய ஒரு காதற் பாட்டு, 18 நாட்களின் பின்னர் ஓர் அரசாங்கத்தைக் கவிழ்க்கும் சைகையாக ஒலித்தது.

போட்டியின் தோற்றத்தை முதலில் நோக்குவோம். 1950இல் அமைக்கப்பட்ட மேற்படி ஒன்றியம் மேற்கு ஐரோப்பாவின் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களை ஒன்றிணைத்தது. ஒரே நிகழ்ச்சியைப் பல நாடுகளில் ஒரே நேரத்திற் காட்டும் தொழில்நுட்பத்தைச் சோதிப்பதற்கு ஏற்ற நிகழ்ச்சியொன்று அதற்கு வேண்டியிருந்தது. இத்தாலியின் சன்ரெமோ நகரில் 1951 முதல் நடந்துவந்த பாட்டு விழா அதற்கு முன்மாதிரியாயிற்று. 1956 மே 24ஆம் நாள் சுவிற்சர்லாந்தின் லுகானோ நகரில் 7 நாடுகள் பங்குபற்றிய முதற் போட்டி நடைபெற்றது. போர் முடிந்து 11 ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒன்றையொன்று குண்டுவீசித் தகர்த்த நாடுகள் ஒரே மேடையிற் பாடியமையைச் சிறுமைப்படுத்துதல் நேர்மையாகாது. ஆயின், அம்மேடையில் யார் யாருக்கு இடமளிக்கப்பட்டது என்பதையும் நாம் கேட்டேயாக வேண்டும்.

1961இல் பிராங்கோவின் ஸ்பெயினும், 1964இல் சலசாரின் போர்த்துக்கலும் போட்டியிற் சேர்ந்தன. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் கதவு பிராங்கோவுக்கு அடைத்தே கிடந்த காலம் அது. சிறைகளிலே தொழிற்சங்கவாதிகளை நிரப்பி வைத்திருந்த ஓர் ஆட்சிக்குப் பளபளக்கும் அங்கியணிந்த பாடகி ஒருத்தியைவிடச் சிறந்த தூதுவர் கிடைப்பாரா? 1964இற் கொப்பன்ஹேகனில் போட்டி நடந்துகொண்டிருந்தபோது, பிராங்கோவையும் சலசாரையும் பகிஷ்கரிக்குமாறு எழுதிய பதாகையுடன் ஒரு மனிதர் மேடைமீது தோன்றினார். சில வினாடிகளில் அவர் அகற்றப்பட்டார், பாட்டுத் தொடர்ந்தது. அன்றைய நிகழ்ச்சியின் முழுமையான படப்பதிவு இன்று எஞ்சியில்லை.

ஸ்பெயினின் ஆட்சியாளர் பாட்டை எவ்வளவு கருத்தூன்றிக் கவனித்தனர் என்பதற்கு 1968ஆம் ஆண்டு சான்று. அவ்வாண்டு லண்டன் போட்டிக்குத் தெரிவுசெய்யப்பட்டவர் ஜுவான் மனுவல் செராட் என்ற இளம் பாடகர். அவர் தம் தாய்மொழியாகிய கட்டலன் மொழியிலேயே பாடவேண்டும் என்றார். பொதுவாழ்விலிருந்து அம்மொழியை ஒதுக்கிவைத்திருந்த அரசு இதனைப் பொறுக்குமா? செராட் நீக்கப்பட்டார், அவர் பாடல்களுக்கு அரச தொலைக்காட்சியின் வாயில் மூடப்பட்டது. மஸ்ஸியேல் என்ற பாடகி அதே பாட்டை ஸ்பானிய மொழியிற் பாடி, 29 புள்ளிகளுடன் வென்றார். பிரித்தானியாவின் கிளிஃப் றிச்சர்ட் 28 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பெற்றார். இவ்வளவுக்கும் அப்பாட்டின் பெரும்பகுதி 'லா' என்ற ஓரசையின் திரும்பத் திரும்ப வரும் அடுக்கேயாகும்! பொருளற்ற அசைகளைக் கூட எந்த மொழிக்காரனாக நின்று பாடுகிறாய் என்பதே கேள்வியாகிவிடின், கலை கலைக்காகவே என்பார் இதற்கு என்ன விடை கூறுவரோ அறியேன்.

போர்த்துக்கலில் நிலைமை வேறுவிதமாக வளர்ந்தது. 1926 முதல் அந்நாடு சர்வாதிகாரத்தின் கீழ் இருந்தது. 1961இல் அங்கோலாவிலும், 1963இல் கினியிலும், 1964இல் மொசாம்பிக்கிலும் விடுதலைப் போர்கள் மூண்டன. ஏழை நாடாகிய போர்த்துக்கல் தன் இளைஞரை ஆண்டுகணக்கில் அங்கு சாகக் கொடுத்தது. பத்திரிகை, நாடகம், பாட்டு யாவும் தணிக்கைக்குட்பட்டன. எனினும் யூரோவிஷனுக்கு அனுப்பும் பாட்டுக்களுக்குச் சொல் எழுதியவர்களுள் ஒருவர் ஆரி டொஸ் சாந்தோஸ் என்ற கவிஞர். பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவர். 1969இல் அவர் எழுதிய பாட்டு, பெண் தன் இன்பத்தைத் தானே கூறும் ஒரு வரிக்காகப் பழமைவாதிகளைக் கொதிப்படையச் செய்தது. 1973இல் எருதுப்போரை வருணிப்பது போன்ற இன்னொரு பாட்டு அவரிடமிருந்து வந்தது. அந்த அரங்கிலே நின்ற எருதும், வீரரும், கைதட்டும் கனவான்களும் யார் என்பதை மக்கள் அறிந்தனர், தணிக்கையாளர் அறிந்தாரில்லை. அரசே செலவு செய்து அப்பாட்டை ஐரோப்பா முழுவதும் ஒலிக்கச் செய்தது.

1974 ஏப்ரல் 6ஆம் நாள் இங்கிலாந்தின் பிறைற்றன் நகரில் அவ்வாண்டுப் போட்டி நடைபெற்றது. சுவீடனின் அப்பா குழு வென்ற அந்த இரவை மெல்லிசை விரும்புவோர் நன்கறிவர். போர்த்துக்கலின் சார்பிற் பாவுலோ டி கார்வாலியோ பாடிய 'விடைபெற்ற பின்' என்னும் பொருள்படும் பாட்டுக்கு 3 புள்ளிகளே கிடைத்தன. காதலியைப் பிரிந்தவனின் ஏக்கம் அது. அதில் அரசியலின் வாடையும் இல்லை. அந்த வாடையின்மையே அதன் தகுதியாயிற்று.

குடியேற்றநாட்டுப் போரிற் சலிப்புற்ற இளம் அதிகாரிகள், குறிப்பாகக் கப்டன்கள், ஆயுதப் படையினர் இயக்கமாக அணிதிரண்டு புரட்சிக்குத் திட்டமிட்டிருந்தனர். படைமுகாம்கள் ஒரே வேளையிற் புறப்படுவதற்குச் சைகை வேண்டும். தொலைபேசி ஒற்றுக்கேட்கப்படும், வானொலியோ எல்லார் காதிலும் விழும். ஏப்ரல் 24ஆம் நாள் இரவு 10.55க்கு லிஸ்பன் வானொலி நிலையமொன்று, பிறைற்றனில் தோற்ற பாட்டை ஒலிபரப்பியது. ஆயத்தமாகுங்கள் என்பது அதன் பொருள். இரகசியப் பொலிசார் கேட்டிருப்பினும் ஐயுறுவதற்கு என்ன இருந்தது? மூன்று கிழமைகளாக எங்கும் ஒலிக்கும் ஒரு காதற் பாட்டு!

ஆயின் அந்நிலையத்தின் ஒலி லிஸ்பன் வட்டாரத்துக்கு அப்பாற் செல்லாது. நாடு முழுவதற்கும் கேட்பதற்கு மற்றொரு சைகை தேவைப்பட்டது. நள்ளிரவு கடந்து 12.20க்கு, கத்தோலிக்கத் திருச்சபைக்குச் சொந்தமான வானொலியிலே, ஜோசே அஃபோன்சோவின் 'கிறாண்டொலா' பாட்டு ஒலித்தது. அலென்தேஜோ மாகாணத்துச் சிற்றூரொன்றின் தொழிலாளர் இசைச் சங்கத்தைக் கண்டு உள்ளம் உருகி அவர் இயற்றிய பாட்டு அது. சரளைக்கல் மீது பலர் சேர்ந்து நடக்கும் காலடி ஓசையுடன் அதன் இசைத்தட்டுத் தொடங்குகிறது. அவருடைய பாடல்கள் பல தடைசெய்யப்பட்டிருந்தன; இது தப்பியிருந்தது. படைவண்டிகள் புறப்பட்டன. வீட்டிலேயே இருங்கள் என்ற அறிவித்தலை மீறி லிஸ்பன் மக்கள் தெருவில் இறங்கிப் படைவீரர்களுடன் கலந்தனர். துப்பாக்கி முனைகளிற் சிவந்த கார்னேசன் மலர்களைச் செருகினர். மாலையில் சலசாரின் வாரிசான கயெட்டானோ சரணடைந்தார். இரகசியப் பொலிசார் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் நால்வர் மாண்டனர். 1975 முடிவதற்குள் அங்கோலாவும் மொசாம்பிக்கும் விடுதலை பெற்றன.

இவ்விரு பாட்டுக்களில் வரலாறு பெரிதும் போற்றுவது இரண்டாவதையே. அது நியாயமுமாகும், மக்களின் கூட்டுணர்விற் பிறந்தது அது. ஆனால் முதலாவதை வெறுஞ் சந்தைச் சரக்கென்று தள்ளிவிடும் தோழர்களுடன் என்னால் உடன்பட முடியவில்லை. ஒரு பாட்டின் பொருள் அதன் சொல்லில் மட்டுமன்று, அது யார் கையில் எந்நேரத்தில் இருக்கிறது என்பதிலும் தங்கியுள்ளது. அதே 1974ஆம் ஆண்டிலே, 'ஆம்' என்று பொருள்படும் இத்தாலியக் காதற் பாட்டொன்றை அந்நாட்டுத் தொலைக்காட்சி மே மாதம் வரை ஒலிபரப்ப மறுத்தது. விவாகரத்துச் சட்டத்தை நீக்குவதா என்று மக்கள் 'ஆம்', 'இல்லை' என வாக்களிக்கவிருந்தமையே காரணம். மக்கள் 'இல்லை' என்றே தீர்ப்பளித்தனர்.

அரசியல் சாராத விழா என்ற கூற்றின் பிற்கால வரலாறும் இத்தகையதே. உக்ரேனைப் படையெடுத்தமைக்காக 2022இல் ரஷ்யா விலக்கப்பட்டது. காசாவில் நிகழும் அழிவைக் காட்டி இஸ்ரேலையும் விலக்குமாறு எழுந்த குரல் ஏற்கப்படவில்லை. 2025 டிசம்பரில் ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, சுலோவேனியா, ஐஸ்லாந்து ஆகிய ஐந்தும் 2026ஆம் ஆண்டுப் போட்டியிற் பங்குபற்றுவதில்லை என அறிவித்தன. ஒருகாலத்தில் எவர் நுழைவுக்காகப் பதாகை தூக்கப்பட்டதோ அந்த ஸ்பெயினே இன்று வெளியேறும் அணியில் நிற்பது கவனிக்கற்பாலது.

மீண்டும் போர்த்துக்கலுக்கு வருவோம். 1975 மார்ச்சிற் போட்டி ஸ்டொக்ஹோமில் நடந்தது. சுவீடனின் இடதுசாரி இசைஞர்கள் வணிக இசைக்கெதிராக மாற்று விழாவொன்றை அதே நகரில் நடத்தி ஆர்ப்பரித்தனர். அடுத்த ஆண்டு சுவீடன் போட்டியிற் பங்கேற்கவேயில்லை. அவர்களின் எதிர்ப்புக்குள்ளான அம்மேடையிலேதான் போர்த்துக்கலின் பாடகர் ஏறினார். 'விடியல்' என்பது பாட்டின் பெயர். பாடியவர் துவார்த்தே மெந்தெஸ். ஏப்ரற் புரட்சியிற் பங்குகொண்ட படைக் கப்டன்களுள் ஒருவர். அவருக்குப் 16ஆம் இடம் கிடைத்தது.