தகட்டுக்குள் ஒரு மண்டபம்

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒரு குரல் துண்டைத் தேர்ந்தெடுத்து, எதிரொலி சேர்க்கும் ரிவர்பைத் திறந்தால் சின்னதாக ஒரு சாளரம் வரும். ரூம் சைஸ், பிரீ-டிலே, டேம்பிங், வெட், ட்ரை என்று வரிசையாக ஸ்லைடர்கள். தயாராக வைத்திருக்கும் மாதிரிகளில் 'பாத்ரூம்' என்றே ஒன்று உண்டு. சாலிகிராமத்தில் நாங்கள் குரல்களை வெட்டி ஒட்டும் அறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. பாப் இசையில் செயற்கை எக்கோ சூடு பிடித்ததே ஒரு பாத்ரூமில்தான்.

1947-ல் சிகாகோவின் சிவிக் ஆபெரா கட்டடத்தில் பில் புட்னம் என்பவர் ஒலிப்பதிவுக் கூடம் நடத்திவந்தார். ஹார்மோனிகாட்ஸ் என்ற மவுத் ஆர்கன் குழுவின் 'பெக் ஓ மை ஹார்ட்' பாட்டுக்காக பாத்ரூமில் ஒரு ஸ்பீக்கரையும் ஒரு மைக்கையும் வைத்தார். வாசிப்பு ஸ்பீக்கர் வழியே உள்ளே போய், சுவரெல்லாம் மோதி, மைக் வழியே திரும்பி வந்து அசலோடு கலந்தது. இசைத்தட்டு சக்கைப்போடு போட்டது.

எதற்கு இந்தப் பாடு? டப்பிங் அறையில் ஒருமுறை நின்று பேசிப் பார்த்தால் புரிந்துவிடும். சுவர் முழுக்கப் பஞ்சும் துணியும். வாயை விட்டு வெளியே வந்த குரல் அங்கேயே செத்து விழும். திரையிலோ கதாநாயகன் அரண்மனை மண்டபத்தில் நின்று சவால் விடுகிறான். அந்த மண்டபத்தை எங்கிருந்தாவது கொண்டுவந்தாக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உதவியாளர் "அண்ணே, கொஞ்சம் எக்கோ சேத்துக்கவா?" என்று கேட்பது இதற்காகத்தான்.

வசதியுள்ளவர்கள் அறையே கட்டினார்கள். லண்டன் ஆபி ரோட்டில் இ.எம்.ஐ. நிறுவனம் 1931-ல் திறந்த ஸ்டுடியோவில் எக்கோவுக்கென்றே தனி அறை உண்டு. ஒலி சிதறட்டும் என்று அதற்குள் பளபளப்புப் பூச்சுள்ள சாக்கடைக் குழாய்களை நட்டு வைத்தார்கள். பீட்டில்ஸ் குரல்களில் நாம் கேட்கிற வெளியில் அந்தக் குழாய்களுக்கும் பங்குண்டு.

எல்லோராலும் அறை கட்ட முடியுமா? அதற்கு 1957-ல் ஜெர்மனியிலிருந்து விடை வந்தது: இ.எம்.டி. 140. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த சாமான் இதுதான். இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரம், அரை மில்லிமீட்டர் தடிமனில் ஓர் எஃகுத் தகடு. அதைச் சட்டத்தில் நான்கு மூலைகளிலும் இழுத்துக் கட்டி, மரப்பெட்டிக்குள் நிறுத்தியிருப்பார்கள். தகட்டின் நடுவே ஒட்டிய சிறு கருவி குரலைத் தகட்டுக்குள் செலுத்தும். அதிர்வு ஓரங்களில் மோதித் திரும்பித் திரும்பி அலையும். வேறோர் இடத்தில் ஒட்டிய பிக்கப் அதைப் பொறுக்கி எடுக்கும். அவ்வளவுதான், மண்டபம் தயார். தகடு தளர்ந்தால் ஒலி மங்கிவிடும் என்பதால், தட்டித் தட்டிக் கேட்டு மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பதுபோல் முறுக்கேற்ற வேண்டும். எடை ஏறக்குறைய 270 கிலோ. பக்கத்தில் யாராவது இருமினால் அதுவும் அதில் பதிவாகும். ஆகவே பலர் அதைத் தனி அறையில் பூட்டி வைத்தார்கள்.

தகட்டை ஒட்டி இன்னொரு பலகை உண்டு. அதைத் தகட்டின் கிட்டே நகர்த்தினால் ஒலியின் வால் குறுகும், விலக்கினால் ஐந்து நொடி வரை நீளும். ஆடாசிட்டி சாளரத்தில் இருக்கும் 'டேம்பிங்' அதன் வாரிசு என்று பலர் நினைக்கிறார்கள். பெயர் ஒன்று, வேலை வேறு: இன்றைய ஸ்லைடர் வாலின் நீளத்தை அல்ல, அதன் கூர்மையைத்தான் முதலில் மழுங்கடிக்கும்.

அதே சாளரத்தில் இருக்கும் பிரீ-டிலே டேப் மெஷினிடமிருந்து வந்தது. குரலை எக்கோ அறைக்கு அனுப்பும் முன் ஒரு டேப்பில் ஓடவிட்டார்கள். பதியும் ஹெட்டுக்கும் வாசிக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி இரண்டு அங்குலம், டேப்பின் வேகம் நொடிக்கு 15 அங்குலம் என்றால் குரல் சுமார் 133 மில்லிசெகண்ட் பிந்தும். சொல் தெளிவாகக் காதில் விழுந்த பிறகே வால் கிளம்பும்.

பிறகு வந்தது கணக்கு. பெல் ஆய்வுக்கூடத்தில் மன்ஃப்ரெட் ஷ்ரோடர் 1960-களின் தொடக்கத்திலேயே, அறையும் தகடும் இல்லாமல் எண்களை வைத்தே எதிரொலி உண்டாக்கும் வழியை எழுதிவிட்டார். பெட்டியாக அது கடைக்கு வர 1976 ஆயிற்று: இ.எம்.டி. 250. 1996-ல் ஸ்டைன்பெர்க்கின் வி.எஸ்.டி. என்ற செருகுநிரல் முறை வந்ததும் பெட்டியும் போய் மென்பொருளாயிற்று. 2000-ல் ஷ்ரோடரின் வழியைப் பின்பற்றிய ஃப்ரீவெர்ப் நிரலை அதை எழுதியவர் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டார். ஆடாசிட்டியின் ரிவர்ப் அந்த வழியில் வந்ததுதான்.

இதில் ஒன்று கைநழுவியது. முன்பு எக்கோ பெரும்பாலும் குரலோடு சேர்ந்தே டேப்பில் ஏறிவிடும். பிறகு பிரிக்க வழியில்லை. அதனால் போடுமுன் பத்து தடவை கேட்டார்கள். ஆடாசிட்டியும் நெடுநாள் அப்படித்தான் இருந்தது. 2022-ல் வந்த 3.2 பதிப்பில்தான் எஃபெக்டைப் போட்டுப் பார்த்து, வேண்டாமென்றால் கழற்றிவிடும் வசதி வந்தது. கழற்றலாம் என்ற தைரியத்தில் யாரும் கழற்றுவதில்லை என்பது நான் தினமும் காண்கிற சங்கதி. புராணப் படத்து அசரீரிக்குப் பொருந்திய எக்கோ இன்று காய்கறி விளம்பரத்துக்கும் வருகிறது. திருவிழா மைக் செட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'பொதுமக்கள்' நாலு முறை வருவார்கள்.

தமிழுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 'பாட்டு' என்று சொல்லும்போது இரட்டித்த டகரம் வெடிப்பதற்கு முன் ஒரு கணம் நாக்கு நிற்கிறது. அங்கே ஒலியே இல்லை. அந்த மௌனம்தான் 'பாட்டு' வேறு, 'பாடு' வேறு என்று காட்டுகிறது. நீண்ட வால் அந்த மௌனத்தில் வழிந்து நிரம்பிவிட்டால் சொல் குழம்பும். எனவே வசனத்துக்கு ரிவர்ப் போடுகிறவர்கள் முதலில் அசல் கோப்பை நகலெடுத்து வையுங்கள். ரூம் சைஸைக் குறையுங்கள். எதிரொலியின் அளவைக் கூட்டும் 'வெட்' ஸ்லைடரை ஏற்றி வாலைக் கேட்டுவிட்டு, இரட்டித்த எழுத்துகள் தெளியும் வரை இறக்கிக்கொண்டே வாருங்கள். 'எக்கோ பத்தலையே' என்று தயாரிப்பாளர் கேட்டால், அதே வசனத்தை எக்கோ இல்லாமல் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.