மேசை விளக்கு அம்மாவா, அப்பாவா?

பத்து வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த மென்பொருள் நிறுவனத்தில், பேட்ஜில் என் பதவி சீனியர் சாஃப்ட்வேர் இன்ஜினியர். உண்மையில் வாரத்தில் மூன்று நாள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். காலேஜில் குறும்படம் எடிட் செய்தவன் என்று யாரோ மேனேஜரிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். "ரெண்டு நிமிஷம் போதும்பா, நம்ம ப்ராடக்ட் என்ன பண்ணும்னு காட்டினா சரி" என்று ஆரம்பித்தது. பிறகு எல்லா ரிலீஸுக்கும் ஒரு வீடியோ, பொங்கலுக்கு ஒன்று, வருடக் கடைசிக்கு ஒன்று. அப்ரைசல் வந்தால்தான் சிக்கல். எழுதிய கோடுக்குக் கட்டம் உண்டு, தீர்த்த பிழைகளுக்கு உண்டு. வீடியோவுக்குக் கட்டம் கிடையாது.

இதே சிக்கலில் இருந்த ஒருவரைப் பற்றி வெகு பின்னால்தான் படித்தேன். 1980-களின் தொடக்கத்தில் டிஸ்னியில் வேலை போன அனிமேட்டர் ஜான் லாஸட்டர். அவரைத் தன் குழுவுக்குள் கொண்டுவர நினைத்தார் எட் கேட்மல். அந்தக் குழு ஜார்ஜ் லூகாஸின் நிறுவனத்தில் இருந்த கணினிப் பிரிவு. படத்தொகுப்புக்கும் ஒலிக்கும் பிம்பங்களுக்கும் கருவிகள் செய்வதுதான் அதன் வேலை. கருவி செய்கிற இடத்தில் அனிமேட்டர் எதற்கு என்று மேலிடம் கேட்டால் பதில் இல்லை. கேட்மல் ஒரு வழி கண்டுபிடித்தார். லாஸட்டருக்கு 'இன்டர்ஃபேஸ் டிசைனர்' என்று பதவி போட்டார். வரலாற்றின் முக்கியமான அனிமேட்டர்களில் ஒருவர் அப்படித்தான் ஒரு பொய்யான டெசிக்னேஷனோடு உள்ளே வந்தார். எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

1984-ல் மினியாபொலிஸில் நடந்த சிக்கிராஃப் மாநாட்டில் அந்தக் குழு தன் முதல் குறும்படத்தைக் காட்டியது. சிக்கிராஃப் என்பது கணினி வரைகலைக்காரர்களின் வருடாந்திரத் திருவிழா. 'ஆண்ட்ரே அண்ட் வாலி பி' என்ற அந்தப் படம் மாநாட்டுக்குள் முடியவில்லை. சில காட்சிகளை வண்ணமில்லாமல், வெறும் கம்பிக்கோட்டு உருவங்களாகவே ஓட்டினார்கள். கேட்மல் இதைப் பற்றிப் பின்னால் எழுதியிருக்கிறார்: பார்த்தவர்களில் பலர் அதைக் கவனிக்கவே இல்லையாம். அவர்கள் கதையில் இருந்தார்கள். மாதக்கணக்கில் ஒவ்வொரு பிக்சலுக்காகவும் உயிரைவிட்ட இன்ஜினியர்களுக்கு இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?

1986 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் அந்தப் பிரிவை வாங்கினார். லூகாஸுக்கு 50 லட்சம் டாலர், புது நிறுவனத்துக்கு முதலீடாக இன்னொரு 50 லட்சம். பெயர் பிக்சார். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் பொம்மைகளும் மீன்களும் நினைவுக்கு வரும். அன்று அது பெட்டி விற்கிற கம்பெனி. 'பிக்சார் இமேஜ் கம்ப்யூட்டர்' என்ற இயந்திரத்தின் விலை 1,35,000 டாலர். மருத்துவ ஸ்கேன்களையும் செயற்கைக்கோள் படங்களையும் அலசுகிறவர்கள் வாங்குவார்கள் என்பது கணக்கு. லாஸட்டரின் சின்ன அனிமேஷன் குழு இந்தக் கம்பெனிக்குள் ஒரு வால். நம்மாட்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று ஊருக்குக் காட்டுவதுதான் அதன் வேலை. சுருக்கமாக, டெமோ வீடியோ.

அந்த வருடம் ஆகஸ்டில் டாலஸில் நடந்த சிக்கிராஃபுக்கு லாஸட்டர் செய்த டெமோதான் 'லக்சோ ஜூனியர்'. தன் மேசையில் இருந்த விளக்கையே மாதிரியாக எடுத்துக்கொண்டார். ஒரு பெரிய விளக்கு, ஒரு குட்டி விளக்கு, ஒரு பந்து. ஓடும் நேரம் சுமார் இரண்டு நிமிடம். தொழில்நுட்ப ரீதியாக அது ஒரு சவாலுக்கான பதில். பாத்திரங்களே விளக்குகள் என்பதால் அவை அசையும்போது வெளிச்சமும் அசையும், ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழும். ஒவ்வொரு விளக்கின் இடத்திலிருந்தும் காட்சியைப் பார்த்து, எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று குறித்துவைத்துக்கொண்டு, நிழல் எங்கே விழ வேண்டும் என்று கணக்கிடுகிற முறை. பில் ரீவ்ஸ் உள்ளிட்டவர்கள் அதற்காக மண்டையை உடைத்திருந்தார்கள்.

படம் முடிவதற்குள்ளாகவே கூட்டம் எழுந்து கைதட்டியது. முடிந்ததும் ஜிம் பிளின் லாஸட்டரை நோக்கி வந்தார். வரைகலை கோடு எழுதியவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். ஒரு பரப்பின் மேல் ஒளி எப்படி மினுங்கும் என்பதற்கான சூத்திரம் ஒன்று அவர் பெயரில் இருக்கிறது. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபில் வாயேஜர் விண்கலம் கோள்களைக் கடப்பதைக் கணினிப் படங்களாகச் செய்து காட்டியவரும் அவர்தான். ஒரு வகையில் அவரும் நம்ம சாதி, ஆபீஸுக்குள்ளேயே படம் எடுத்த இன்ஜினியர். நிழலைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று லாஸட்டர் தயாரானார். பிளின் கேட்டது இதுதான்: அந்தப் பெரிய விளக்கு அம்மாவா, அப்பாவா?

ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது அந்த டெமோ. பெட்டி போகவில்லை. மொத்தம் விற்றது 300-க்கும் குறைவு. 1988-ல் காசு நெருக்கடியில் செலவுகளை வெட்டிக்கொண்டிருந்த சமயத்தில், அடுத்த குறும்படத்துக்குப் பணம் கேட்கவே அவர்கள் தயங்கியிருக்கிறார்கள். ஜாப்ஸ் கொடுத்தார். 'டின் டாய்' ஆஸ்கர் வாங்கியது. கணினி அனிமேஷனுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர். 1990-ல் ஹார்ட்வேர் பிரிவை விற்றார்கள். அடுத்த வருடம் ஒரு பெரிய ஆட்குறைப்பு. அதே வருடம்தான் டிஸ்னியோடு திரைப்பட ஒப்பந்தமும். 1995 நவம்பரில் 'டாய் ஸ்டோரி' வந்தது. நாய் செத்துப்போய் வால் நடந்துபோனது.

இதை மகான் கதையாகச் சொல்லவில்லை. உடன் வேலை பார்த்த பெண்களிடம் நடந்துகொண்ட விதம் குறித்து எழுந்த புகார்களை அடுத்து, லாஸட்டர் 2018-ல் அங்கிருந்து வெளியேறினார். 'திறமை கடைசியில் ஜெயிக்கும்' என்ற பாடமும் இதில் இல்லை. வருடக்கணக்காக நட்டத்தைத் தாங்குகிற அளவுக்கு ஒரு பணக்காரர் பின்னால் நின்றார். மற்ற கம்பெனிகளில் ப்ராடக்ட் சாகும்போது டெமோவும் சேர்ந்தே சாகிறது.

என்னுடையதும் செத்தது. கடைகளில் சரக்கு இருப்பைக் கணக்கு வைக்கிற ஆப் அது. ஆபீஸ் பக்கத்து மளிகைக்கடை அண்ணாச்சியை வைத்து எடுத்தேன். போனில் ஆப் திறக்க நான்கு விநாடி ஆகும். அந்த நான்கு விநாடிக்குள் அண்ணாச்சி அலமாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் "சோப்பு பதினேழு" என்றார். ஆப் திறந்தது. 17. அண்ணாச்சி கேமராவைப் பார்த்து லேசாகச் சிரித்தார். சேல்ஸ் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. "கஸ்டமர் ஆப்பை வாங்கணுமா, அண்ணாச்சியை வாங்கணுமா?" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் வெட்டிக்கொடுத்தேன்.

லக்சோவைப் பற்றிப் படித்த பிறகு உறுத்துவது அதுதான். வெட்டச் சொன்னவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எதை வெட்டுகிறோம் என்று எனக்கே அப்போது தெரியவில்லை. அப்ரைசலில் அதற்குக் கட்டம் இல்லாததால், அது ஒரு பொருட்டே இல்லை என்று நானும் நம்பியிருந்தேன்.

இரண்டு வருடத்தில் ஆப்பை மூடினார்கள். ஃபைனல் வெர்ஷன் இப்போது யாரிடமும் இல்லை. வெட்டாத பிரதி என் பழைய ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறது. அந்த டீமில் இருந்த நண்பன் எப்போதாவது போன் செய்வான். ஆப்பின் பெயர்கூட அவனுக்கு மறந்துவிட்டது. "டேய், அந்தப் பதினேழு சோப்பு வீடியோ வச்சிருக்கியா?" என்று மட்டும் மறக்காமல் கேட்பான்.