கரும்பலகையா, பதிவேடா?

குலசேகரன்பட்டினத்து உப்பளங்களைக் கண்ணால் காணாதவர் இருக்கலாம். 1942 செப்டம்பர் 20ஆம் நாள் அங்கே லோன் எனும் வெள்ளை அதிகாரி கொல்லப்பட்ட செய்தியைக் காதால் கேளாதவர் தென்பாண்டிச் சீமையில் அரியர். காசிராஜன், இராஜகோபாலன் என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தூக்கு என்று தீர்ப்பெழுதிற்று வெள்ளை ஆட்சி. கயிறு கழுத்தை எட்டுமுன் காலம் மாறிற்று. இருவரும் உயிரோடு வெளிவந்தனர். அந்தக் கிளர்ச்சியை நடத்திய கட்சியோடு நமக்குள்ள கணக்கு வேறு. அதை இங்கே திறக்க வேண்டியதில்லை. நாம் எண்ணிப் பார்ப்பது ஒன்றைத்தான். எண்பதாண்டுகளுக்கு மேல் உருண்டோடிய பின்னும் நாள் தெரிகிறது, பெயர் தெரிகிறது, தீர்ப்புத் தெரிகிறது. எப்படி? எழுதி வைத்தார்கள், ஆகவே தெரிகிறது. அடக்க வந்த அன்னியனும் ஏடு வைத்திருந்தான்!

அதே ஊரிலிருந்து மேற்கே பத்துப் பன்னிரண்டு கல் நடந்தால் சாத்தான்குளம். அங்கே ஓர் இரவு. 1942 அல்ல, 2020, ஜூன் 19. ஏடும் எழுத்தாணியும் அல்ல, இமை கொட்டாத கேமரா இருந்த இடம். அந்த இரவின் படம் எங்கே? இல்லை!

கதையைச் சுருங்கச் சொல்வோம். ஊரடங்கு நேரம் கடந்தும் செல்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. தந்தை ஜெயராஜ், மகன் பென்னிக்ஸ் ஆகிய இருவரும் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மறுநாள் கோவில்பட்டிக் கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். 22ஆம் நாள் இரவு மகன் மாண்டான். விடியுமுன் தந்தை மாண்டார். தரையில் உருண்டு புரண்டார்கள், அதனால் உள்காயம் பட்டது என்று எழுதிற்று காவல்துறையின் முதல் தகவல் அறிக்கை. பக்கத்துக் கடையின் கேமராவோ, உருளலும் இல்லை புரளலும் இல்லை என்று காட்டிற்று. கடைக்காரன் தன் சரக்குக்குக் காவலாக வைத்த கருவி உண்மை பேசிற்று. காவல் நிலையத்துக் கருவி?

உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசன் காவல் நிலையத்துக்கே சென்று விசாரித்தார். வந்தவர் நீதிபதி என்று அறிந்தும் அவமதித்தனர் அங்கிருந்த காவலர் சிலர். அவர் தந்த அறிக்கையில் ஒரு செய்தி இருக்கிறது. படிக்கும்போது நெஞ்சு திடுக்கிடுகிறது. பதிவுக் கருவியில் ஒரு டெராபைட் இடம் இருந்தது; பல நாள் படத்தைச் சேர்த்து வைக்கப் போதுமான இடம். ஆயினும் அன்றாடப் பதிவு அன்றாடம் தானே அழிந்துபோகும்படி அது அமைக்கப்பட்டிருந்தது.

பள்ளியில் நாம் கரும்பலகையை நாள்தோறும் துடைக்கிறோம். வருகைப் பதிவேட்டைத் துடைப்பதில்லை. துடைத்தால் வேலை போகும். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். சாத்தான்குளத்தில் பதிவேட்டைக் கரும்பலகையாக்கி வைத்தவர்களுக்கு அது தெரியாமலா போயிருக்கும்?

கடல் கடந்த நாட்டிலும் இதுபோல் ஒன்று நடந்தது, அதையும் பார்ப்போம். அமெரிக்காவின் உளவு நிறுவனமான சி.ஐ.ஏ., 2002இல் தாய்லாந்தில் ஓர் இரகசியச் சிறை நடத்திற்று. அபு சுபைதா, அல் நஷிரி ஆகிய இருவரை விசாரித்த காட்சிகளை ஒளிநாடாவில் பிடித்தது. சுபைதாவை மட்டும் அந்த ஆகஸ்டு மாதத்தில் 83 தடவை, முகத்தில் துணி போர்த்தி நீர் ஊற்றி மூச்சுத் திணற அடித்தனர். மொத்தம் 92 நாடாக்கள். 2005 நவம்பரில், நிறுவனத்தின் இரகசியப் பணிகளுக்குத் தலைவராயிருந்த ஓசே ரொட்ரிகஸ் உத்தரவிட்டார். நாடாக்கள் துண்டு துண்டாக்கப்பட்டன. 2007 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஏடு அம்பலப்படுத்தியபோது நாடே கொந்தளித்தது. துருவிப் பார்க்கத் தனி வழக்குரைஞர் வந்தார். 2010இல், நாடாக்களை அழித்ததற்காக எவர்மீதும் வழக்கில்லை என்று கைவிரித்தார்!

ஆனால் விந்தை கேளீர். நாடா அழிந்ததால் எழுந்த ஐயமே அந்நாட்டு மேலவைக் குழுவைத் தூண்டிற்று. குழு இலட்சக்கணக்கான தாள்களைப் புரட்டி, 6,700 பக்கங்களுக்கு மேல் அறிக்கை எழுதிற்று. அதன் சுருக்கம் 2014 டிசம்பரில் வெளிவந்தது. மறைக்க முனைந்தவன் மறைத்தது 92; கிளறிவிட்டது மலையளவு.

சுதந்திரத்தின் காவலன் நான் என்று உலகுக்கு உபதேசிக்கும் வல்லரசு செய்த வேலை இது. அதற்கு முன்னோடி பிரிட்டன். ஆண்ட நாடுகளை விட்டுப் போகும்போது, தமக்கு மானக்கேடு தரத்தக்க தாள்களைப் புதிய ஆட்சியிடம் ஒப்படைக்கலாகாது என்று 1961இல் குடியேற்ற நாட்டு அமைச்சர் மக்லியோட் கட்டளையிட்டார். கொளுத்தினர், கொளுத்த முடியாததைப் பாரம் கட்டி ஆழ்கடலில் அமிழ்த்தச் சொன்னார்கள். எஞ்சியவற்றை இங்கிலாந்துக்கு ஏற்றிச் சென்று பூட்டி வைத்தனர். கென்யாவில் வதைபட்ட முதியவர்கள் இலண்டனில் வழக்குத் தொடுத்ததால், அந்தப் பூட்டு 2011இல் திறந்தது. 2013இல் 5,228 பேருக்கு இழப்பீடு தர ஒப்பினார்கள்.

இவற்றையெல்லாம் இங்கே சொல்வதன் காரணம் உண்டு. அமெரிக்காவிலே உத்தரவிட்டவருக்குப் பெயர் இருக்கிறது. பிரிட்டனிலே கட்டளைக்கு ஆண்டு இருக்கிறது. 'நீ ஏன் அழித்தாய்?' என்று விரல் நீட்டிக் கேட்க ஓர் ஆள் இருக்கிறான். சாத்தான்குளத்து ஏற்பாட்டில் அந்த ஆளே தேவையில்லை. எவனும் உத்தரவிட வேண்டாம், எவனும் தீ மூட்ட வேண்டாம். நாள் முடியும், படம் மறையும். 'கருவியின் பழக்கம் அது' என்று கைகட்டி நிற்கலாம். இதைவிடக் கொடியது நமக்குத் தென்படவில்லை.

ஆண்டுதோறும் தசராவுக்குக் குலசேகரன்பட்டினத்தில் பல்லாயிரவர் வேடம் புனைகிறார்கள். காளி வேடம், குறத்தி வேடம், காவலர் வேடங்கூட உண்டு. காளி கேட்பாள் என்று காத்திருக்கும் தோழர்களுக்குச் சொல்வோம்: சாத்தான்குளத்தில் கேட்டது காளியல்ல. ஒரு பெண் தலைமைக் காவலர்! விடிய விடிய அடித்தார்கள், தடியிலும் மேசையிலும் இரத்தம் இருக்கிறது, அழித்துவிடுவார்கள், விரைந்து கைப்பற்றுங்கள் என்று நடுவரிடம் நடுங்கிக்கொண்டே சொன்னார். உடுத்தியிருந்தது அதே காக்கிதான். உயர்நீதிமன்றம், தடயம் அழியாதிருக்க, அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையினர் தம் பொறுப்பில் எடுக்கும்படி செய்தது. காவல் நிலையத்துக்கே காவல்! பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை வந்தது. சுவரிலும் தடியிலும் படிந்த இரத்தத்தை ஆய்வுக்கூடம் பேச வைத்தது. ஒன்பது காவலர் மீது குற்றப்பத்திரிகை மதுரை நீதிமன்றம் ஏறிற்று. படம் மறந்ததைச் சுவர் மறக்கவில்லை.

சுவர் எல்லா ஊரிலும் பேசுமா? எல்லா நிலையத்திலும் அப்படியொரு பெண் இருப்பாரா? இதுவன்றோ நம் கேள்வி!

சித்திரவதை இங்கே புதிதல்ல. 1855இல் சென்னை மாகாணத்துச் சித்திரவதைகளை ஆராய்ந்த குழுவின் முன் 519 பேர் நேரில் வந்து முறையிட்டனர். மடலில் முறையிட்டோர் அதனினும் மிகுதி. பெரும்பாலும் வரி தண்டுவதற்கான வதை. விரலை நசுக்கும் 'கிட்டி', உடலை வளைத்துக் கட்டும் 'அண்ணாந்தாள்' என்று நம் தமிழ்ச் சொற்கள் ஆங்கில அறிக்கையில் ஏறின. பெருமைப்படத்தக்க ஏற்றமா அது! ஆயினும் ஏட்டில் ஏறியதால், கும்பினி அரசு மறுக்க முடியவில்லை. காவலரிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்ற விதி 1861இல் சட்டமாயிற்று. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாக அமர்ந்தது. கேமரா என்ற எண்ணமே இல்லாத நாளில், கண்ணில்லாத அறையை நம்பாதே என்று சட்டம் சொல்லிற்று.

2020 டிசம்பர் 2ஆம் நாள், பரம்வீர் சிங் சைனி வழக்கில், நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒலியோடு கூடிய கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், இயலாவிடின் ஓராண்டுக்கேனும் குறையலாகாது என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. மத்தியப் புலனாய்வுத் துறை, அமலாக்கத் துறை, தேசியப் புலனாய்வு முகமை போன்றவற்றின் விசாரணை அறைகளுக்கும் அதே ஆணை. 2025 செப்டம்பரில், இராஜஸ்தானில் ஏழெட்டு மாதங்களில் காவலில் 11 பேர் இறந்தனர் என்ற நாளேட்டுச் செய்தியைக் கண்டு, கேமராக்கள் என்ன ஆயின என்று அதே நீதிமன்றம் தானாகவே மறுபடி கேட்க நேர்ந்தது.

ஆணை பிறந்தும் படம் பிறக்கவில்லை என்றால், குறை கருவியிலா? யாருடைய செயலைக் கருவி பார்க்க வேண்டுமோ, அவர் கையிலேயே கருவியின் சாவி! திருடனிடம் பெட்டகத்தை ஒப்படைத்துவிட்டு, பூட்டு நல்ல பூட்டு என்று மெச்சிக்கொள்வது எந்த ஊர் நியாயம்? பதிவு, காவல் நிலையத்துக்கு வெளியே, நீதித்துறையின் பொறுப்பில் சேர வேண்டும். அது இல்லையென்றால் அந்த இன்மை, வைத்திருக்க வேண்டியவருக்கு எதிராகவே பேச வேண்டும் என்கிறோம்.

இது நம் கற்பனையில் உதித்த புரட்சியல்ல. காட்டக்கூடிய சான்றைக் காட்டாதவனுக்கு அச்சான்று பாதகமானது என்று கருதலாம் எனச் சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவு அன்றே சொல்லிற்று. காவலில் இருந்தவருக்குக் காயம் என்றால் காவலரே காரணம் என்று நீதிமன்றம் கருத இடந்தரும் 114-பி என்ற புதுப் பிரிவு வேண்டுமென 1985இல் சட்ட ஆணையம் தன் 113ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. 2023இல் அந்தப் பழைய சட்டத்தையே மாற்றினார்கள். ஆங்கிலப் பெயர் போய் வடமொழிப் பெயர் வந்தது. 114 என்ற எண் போய் 119 வந்தது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கும் வந்தது. 1985இல் கேட்ட அந்தப் பிரிவு மட்டும் வரவில்லை.